நகல் போகாத குரல்

போன மார்கழியில் ஒரு காலை. நெமிலிச்சேரி ரயில் நிலையத்தில் நின்றபடி மதுரையிலிருக்கும் அக்காவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தேன். இணைப்பில் ஏதோ கோளாறு. நான் சொல்வதெல்லாம் ஓர் இமைப்பொழுது பிந்தி என் காதுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை" என்று ஆரம்பித்தால், வாய் "கிழமை"க்குப் போகும்போது காதில் "ஞாயித்து" விழுகிறது. நாக்கு தடுமாறியது. ஒரே எழுத்தை இரண்டு தடவை சொன்னேன். சில சொற்கள் ரப்பர்போல இழுபட்டன. "என்னடா, காலங்காத்தால நாக்கு குழறுது?" என்றாள் அக்கா. அவளுக்கு என் குரல் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறது. போனைக் காதிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பிடித்ததும் நாக்கு தன் வழிக்கு வந்துவிட்டது.

இந்தக் குழறலை ஆய்வுக் கட்டுரையாக எழுதியவர் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர், 1950இல். ஒலிநாடாக் கருவிகள் புழக்கத்துக்கு வந்திருந்த காலம். பேசுபவரின் குரலை நாடாவில் ஏற்றி, சற்றே தாமதித்து, அவர் காதுக்கே ஹெட்போன் வழியாக அனுப்பினால் பேச்சு சிதறுகிறது என்று அவர் கண்டார். பின்னால் நடந்த சோதனைகள் கணக்கைத் துல்லியமாக்கின. தாமதம் 200 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு, ஆகும்போது குழறல் உச்சத்துக்குப் போகிறது. சாதாரணமாகப் பேசும்போது ஓர் அசையைச் சொல்ல ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 2012இல் ஜப்பானியர் இருவர் இதே தத்துவத்தை வைத்து, கூட்டத்தில் நிறுத்தாமல் பேசுகிறவரின் வாயைத் தூரத்திலிருந்தே அடைக்கும் கருவி ஒன்றைச் செய்து இக்நோபல் பரிசு வாங்கினார்கள். நம் ஊர் மேடைகளுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பேசும்போது வாய் வேலை செய்கிறது, காது சும்மா இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியிருந்தால் என் குரல் பிந்தி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? வாய் தன் குரலுக்காகக் காத்திருக்கிறது. எப்போது வரும், எப்படி வரும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் பற்றியும், அது பிசகினால் ஒருவருடைய சொந்தக் குரல் யாருடைய குரலாக மாறுகிறது என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. நெமிலிச்சேரியில் ஆரம்பித்தாலும் இதன் முக்கியமான இடம் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அண்ணா நகர் மேற்கில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் எலும்பு, பூச்சி, குரங்கு என்று ஒரு சுற்று போய்வர வேண்டும்.

எலும்பிலிருந்து தொடங்கலாம். எங்கள் வீட்டில் அத்தைக்குப் போன வருடம் காது மெஷின் வாங்கினோம். போட்டுக்கொண்ட முதல் நாள், "நான் பேசறது எனக்கே கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்று கழற்றி வைத்துவிட்டார். மெஷின்மீது பழியில்லை. பேசும்போது குரல் இரண்டு பாதைகளில் காதுக்கு வருகிறது. ஒன்று, உதட்டிலிருந்து கிளம்பிக் காற்று வழியாகச் செவித்துளைக்குள் நுழையும் பாதை. இன்னொன்று, தொண்டையின் அதிர்வு மண்டை எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போகும் பாதை. இரண்டும் ஏறக்குறைய சம பங்கு என்று கணக்கிட்டுச் சொன்னவர் கியார்க் ஃபான் பெக்கெஷி. அந்த ஆய்வு 1949இல் வெளிவந்தது. உள்காது எப்படி வேலை செய்கிறது என்று காட்டியதற்காக 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எலும்பு கீழ்ச்சுருதியைத் தாராளமாகக் கடத்தும். எலும்பும் தசையும் அதிரும்போது செவித்துளைக்குள் இருக்கும் காற்றும் அதிர்கிறது. திறந்த காதாக இருந்தால் அந்த ஒலியில் பெரும்பகுதி வெளியே கசிந்துவிடும். துளையை மெஷினின் மூக்கு அடைத்துக்கொண்டால் கசிய வழியில்லாமல் உள்ளேயே முழங்கும். அதுதான் அத்தையின் கிணறு.

தெருக்கூத்தில் பாடுகிறவர் கையைக் காதோரம் வைத்துக்கொள்வதைப் பார்த்திருப்போம். மத்தளமும் தாளமும் முகவீணையும் முழங்கும் இடத்தில் தன் சுருதி தனக்குக் கேட்பதற்கான ஏற்பாடு அது. காதைப் பொத்தினால் எலும்பு வழிக் குரல் ஓங்கும். உள்ளங்கையைக் குவித்தால் காற்று வழிக் குரல் காதை நோக்கித் திரும்பும். மேடைக் கச்சேரியில் மானிட்டர் ஸ்பீக்கர் சரியில்லை என்று வித்துவான்கள் சிணுங்குவதும் இதே தேவைக்காகத்தான். கூத்துக்காரருக்கு அதற்கு மின்சாரம் வேண்டியிருக்கவில்லை.

நம் குரலை ரெக்கார்டிங்கில் கேட்டு முகம் சுளிப்பதற்கும் பாதிக் காரணம் எலும்புதான். ரெக்கார்டிங்கில் இருப்பது காற்று வழி வந்த குரல் மட்டும். ஊர் கேட்கிற குரல் அது. எலும்பு சேர்த்த கனம் அதில் இல்லாததால் நமக்குச் சன்னமாக, சிறுபிள்ளைத்தனமாகக் கேட்கிறது. மீதிப் பாதியைப் பற்றி 1966இல் ஹோல்ஸ்மன், ரௌசி என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். நாம் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த தயக்கம், எரிச்சல், பாசாங்கு எல்லாம் குரலில் அப்பட்டமாக இருப்பதை வெளியாள்போல இருந்து கேட்க நேர்கிறது என்பது அவர்கள் வாதம். பேசும் நேரத்தில் அதெல்லாம் ஏன் காதில் விழவில்லை? அந்த நேரத்தில் மூளை நம் குரலைக் கொஞ்சம் அமுக்கி வைத்திருக்கிறது.

அமுக்குவது காதிலேயே தொடங்கிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் சுத்தி, பட்டை, அங்கவடி என்று மூன்று எலும்புகள் படித்திருப்போம். அங்கவடியைப் பிடித்திழுக்கும் தசை ஒன்று உண்டு. உடம்பிலுள்ள எலும்புத் தசைகளில் அதுதான் மிகச் சிறியது. பேச வாயெடுக்கும்போது, குரல் வெளியே வருவதற்குச் சற்று முன்பே, இந்தத் தசை இறுகி எலும்புச் சங்கிலியை விறைப்பாக்குகிறது. கீழ்ச்சுருதி ஒலிகள் உள்ளே போவது குறைகிறது. வெளியிலிருந்து வரும் பேரொலிக்கும் இந்தத் தசை இறுகும், ஆனால் ஒலி வந்த பிறகுதான். தன் குரலுக்கு மட்டும் முன்கூட்டியே தயாராகிறது. யாரோ அதற்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

தகவல் சொல்வது யார் என்பதற்கு மிகச் சுத்தமான விடை ஒரு பூச்சியிடமிருந்து வந்தது. மழைக்காலத்தில் திருநின்றவூர் ஏரிப்பக்கம் போனால் காதைத் துளைக்கும் சுவர்க்கோழி, அதுதான். இறக்கையோடு இறக்கையை உரசி ஆண் சுவர்க்கோழி எழுப்பும் ஒலி அதன் காதுக்கு அருகே 100 டெசிபெல் அளவுக்குப் போகும். அதன் காதோ முன்னங்காலில் இருக்கிறது. இவ்வளவு சத்தத்தைத் தானே போட்டுக்கொண்டு, பக்கத்துச் சுவர்க்கோழியின் குரல் அதற்கு எப்படிக் கேட்கிறது? ஜேம்ஸ் பூலே, பெர்தோல்ட் ஹெட்விக் இருவரும் கேம்பிரிட்ஜில் இதை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். ஓர் இறக்கையை எடுத்துவிட்டால் பூச்சி பாடுவதுபோல அசையும், ஒலி வராது. அப்படி ஊமையாகப் பாடும்போதும், ஒவ்வொரு இறக்கை வீச்சுக்கும் சரியாக அந்தக் கணத்தில் அதன் கேள்வி நரம்பணு அடக்கப்படுவதை அவர்கள் அளந்தார்கள். ஒலியே இல்லாதபோது அடக்கம் காதிலிருந்து வந்திருக்க முடியாது. இறக்கையை அசை என்று ஆணையிட்ட இடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். 2006இல் அந்தத் தகவலைச் சுமந்து செல்லும் ஒற்றை நரம்பணுவையே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அரசு அலுவலகக் கடிதம் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேலே "பெறுநர்" என்று ஒருவர் பெயர் இருக்கும். கையெழுத்துக்குக் கீழே "நகல்" என்று போட்டு இன்னும் சிலர் பெயர் இருக்கும். மூளையிலிருந்து வாய்க்குப் போகும் ஆணையும் அப்படித்தான். பெறுநர்: நாக்கு, உதடு, குரல்வளை. நகல்: கேட்கும் பகுதிக்கு, தகவலுக்காக. இன்ன ஒலி இன்ன நேரத்தில் வரப்போகிறது, வந்தால் அது நம்முடையது, பதறாதே என்பது நகலில் உள்ள செய்தி.

இந்த எண்ணம் 1950இல் இரண்டு இடங்களில் ஒரே சமயத்தில் பிறந்தது. லீயின் கட்டுரை வந்த அதே ஆண்டு என்பது தற்செயல்தான். ஜெர்மனியில் எரிக் ஃபான் ஹோல்ஸ்டும் ஹோர்ஸ்ட் மிட்டல்ஸ்டெட்டும் ஓர் ஈயின் தலையை 180 பாகை திருப்பி ஒட்டிவைத்தார்கள். வலமும் இடமும் கண்ணுக்கு மாறிப்போக, ஈ நகர முயன்றதும் நிறுத்த முடியாமல் சுற்ற ஆரம்பித்தது. அது எதிர்பார்த்த காட்சியும் வந்த காட்சியும் நேர்எதிராக இருந்ததே காரணம். அமெரிக்காவில் ரோஜர் ஸ்பெர்ரி மீனின் கண்ணைத் திருப்பிவைத்து இதே முடிவுக்கு வந்தார். செய்பவர் எதிர்பார்ப்பு ஒன்றையும் சேர்த்தே செய்கிறார் என்பது இரு தரப்பும் சொன்னதன் சாரம். தன்னைத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான்.

சரி, மனிதருக்கு வருவோம். நெற்றிப்பொட்டுக்குப் பின்னால், காதை ஒட்டி, மூளையின் பக்கவாட்டு மடலில் செவிப்புறணி இருக்கிறது. ஓர் ஒலி கேட்டுப் பத்தில் ஒரு பங்கு விநாடியில் அங்கே ஒரு மின் அலை எழும். தலையில் மின்முனைகளைப் பொருத்தினால் அளந்துவிடலாம். ஒருவரைப் பேசவைத்து அலையைப் பதிவு செய்கிறார்கள். பிறகு அதே பேச்சை அவருக்கே போட்டுக் காட்டிப் பதிவு செய்கிறார்கள். ஒலி ஒன்றுதான். ஆனால் பேசும்போது எழும் அலை சிறியது, சும்மா கேட்கும்போது எழும் அலை பெரியது. 2002இல் கலிஃபோர்னியாவில் ஜான் ஹௌட் குழுவினர் காந்த அலை அளவியில் இதை உறுதிப்படுத்தியதோடு இன்னொன்றையும் பார்த்தார்கள். பேசும்போதே குரலை மாற்றிக் காதுக்கு அனுப்பினால் இந்த அமுக்கல் குறைந்துவிடுகிறது. அப்படியானால் மூளை கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அமுக்குவதில்லை. எதிர்பார்த்தபடி வந்ததை மட்டும் அமுக்குகிறது.

மார்மோசெட் என்ற சின்னஞ்சிறு குரங்கின் செவிப்புறணியில் இதை அணு அணுவாகப் பார்த்தவர்கள் ஸ்டீவன் எலியாடிஸும் சியாவ்சின் வாங்கும். குரங்கு குரல் கொடுப்பதற்கு நூற்றுக்கணக்கான மில்லி விநாடிகள் முன்பே பெரும்பாலான நரம்பணுக்கள் அடங்கத் தொடங்குகின்றன. 2008இல் அவர்கள் சொன்னது இன்னும் வினோதம். அடங்கியிருக்கும் அணுக்கள்தான், குரங்கின் குரலை மாற்றிக் காதுக்கு அனுப்பியபோது, உடனே விழித்துக்கொண்டன. வாசலில் தலைகவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் வந்தால் தலையைத் தூக்கமாட்டார். காலடிச் சத்தம் மாறினால் எழுந்துவிடுவார்.

விழித்த மூளை என்ன செய்கிறது? திருத்துகிறது. 1998இல் ஹௌடும் மைக்கேல் ஜோர்டனும் ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். எலும்பு வழிக் குரலை ஒழிப்பதற்காக ஆட்களைக் கிசுகிசுப்பாகப் பேசச் சொன்னார்கள். அவர்கள் உச்சரிக்கும் உயிரொலியைக் கணினி சிறிது சிறிதாக மாற்றிக் காதுக்கு அனுப்பியது. தமிழில் சொல்வதானால், "பெட்டி" என்று சொன்னால் காதில் "பிட்டி" என்று விழும்படி. கொஞ்ச நேரத்தில் அவர்கள் வாய் தானாகவே "பட்டி"யை நோக்கி நகர்ந்தது, காதில் "பெட்டி" சரியாக விழட்டும் என்று. இப்படித் திருத்துகிறவர்களுக்குத் தாங்கள் திருத்துவது பெரும்பாலும் தெரிவதே இல்லை. காதை இரைச்சலால் அடைத்த பிறகும் அந்தப் புதிய உச்சரிப்பு சிறிது நேரம் நீடித்தது.

திருத்தத்தின் மிகப் பழைய சாட்சியம் எங்கள் ஊரிலேயே தினமும் கேட்கும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியாகப் போகிறது. சுங்கச்சாவடிப் பக்கம் இளநீர் விற்பவர் கன்டெய்னர் லாரி கடக்கும்போது குரலை உயர்த்துவார். லாரி போனதும் அவர் குரலும் இறங்கிவிடும். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் கடக்கும்போது நாமும் அதையே செய்கிறோம். 1911இல் இதை எழுதிய பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார்ட் பெயரால் இது லோம்பார்ட் விளைவு எனப்படுகிறது. காது கேட்கவில்லை என்று பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கவும் இது பயன்பட்டது. காதில் இரைச்சலைப் போட்டால் குரல் உயருகிறதா? அப்போது கேட்கிறது என்று பொருள். ரயிலில் இயர்போன் மாட்டிக்கொண்டு பெட்டி முழுவதற்கும் குடும்ப ரகசியம் சொல்லும் இளைஞரும் லோம்பார்ட்டின் ஆள்தான். திட்டிப் பயனில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. என் வகுப்பில் ஒரு பையனுக்குத் திக்குவாய். வருகைப் பதிவின்போது "உள்ளேன் ஐயா" என்பதன் "உ"வில் மாட்டிக்கொள்வான். ஒரு வாத்தியார் அவனை எழுந்து நின்று பத்து தடவை சொல்லவைத்துத் தன் கடமையைச் செய்தார். அதே பையன் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்தை எல்லோருடனும் சேர்ந்து ஒரு தடங்கலும் இல்லாமல் பாடுவான். நடிக்கிறான் என்றே நாங்கள் நினைத்தோம். கூட்டாகச் சொல்லும்போது திக்கு குறைவது உலகமெங்கும் பதிவான உண்மை. இன்னொரு புதிர்: நல்ல வாயைக் குழறவைக்கும் அந்தத் தாமதக் குரல், திக்குவாய் உள்ள பலருக்குப் பேச்சைச் சீராக்குகிறது. அதை வைத்துக் காதில் மாட்டும் சாதனங்கள்கூட வந்தன. பலன் ஆளுக்கு ஆள் வேறு. எதிர்பார்த்த குரலும் வந்த குரலும் ஒத்துப்போகும் இடத்தில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்பது ஒரு கருத்து. ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு முடியவில்லை. வாத்தியாரின் வைத்தியம் தவறு என்பதில் மட்டும் வழக்கே இல்லை.

இதுவரை பேசியது வாய்விட்டுப் பேசும் குரல். ஆனால் நாள் முழுக்க நாம் அதிகம் பேசுவது உள்ளுக்குள். "கேஸை அணைச்சேனா", "இவன்கிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று ஓடிக்கொண்டே இருக்கும் அந்தப் பேச்சுக்கும் நகல் போகிறதா? 2017இல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் விட்ஃபோர்டும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தார்கள். ஒரு குறிப்பிட்ட நொடியில் ஓர் எழுத்தை மனதுக்குள் மட்டும் சொல்லும்படி ஆட்களிடம் சொன்னார்கள். சரியாக அதே நொடியில் ஹெட்போனில் ஓர் எழுத்தை ஒலிக்கவிட்டார்கள். மனதுக்குள் சொன்னதும் காதில் வந்ததும் ஒன்றாக இருந்தபோது மூளை அலை சிறுத்தது. வேறு எழுத்தாக இருந்தபோது சிறுக்கவில்லை. உதடு அசையவில்லை, குரல் எழவில்லை. ஆனால் "இது நம்முடையது" என்ற நகல் போயிருக்கிறது.

அப்படியென்றால் அந்த நகல் போய்ச் சேராவிட்டால்?

உள்ளுக்குள் ஓடும் சொந்தப் பேச்சு, அனுப்பியவர் பெயரில்லாமல் வந்துசேரும். மனச்சிதைவு நோயில் காதில் கேட்கும் குரல்கள் இப்படித்தான் பிறக்கின்றனவோ என்று 1978இல் இர்வின் ஃபைன்பெர்க் கேட்டார். கேள்விக்கு முன்பே தடயங்கள் இருந்தன. 1949இல் லூயி கூல்ட் என்ற மருத்துவர், குரல்கள் கேட்பதாகச் சொன்ன ஒரு நோயாளியின் தொண்டையில் மிக மெல்லிய முணுமுணுப்பு ஓடுவதைக் கவனித்து, அதன் ஒலியைப் பெருக்கிக் கேட்டார். குரல்கள் சொல்வதாக அந்தப் பெண் விவரித்ததும் அவருடைய தொண்டை முணுமுணுத்ததும் ஒத்துப்போயின. 1987இல் பிக், கின்ஸ்போர்ன் இருவரும் 18 நோயாளிகளிடம் வாயை அகலத் திறந்துவைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாய் அப்படித் திறந்திருந்தால் உள்ளுக்குள் முணுமுணுப்பது கடினம். 14 பேருக்குக் குரல்கள் அடங்கின. சின்ன ஆய்வு, இதையே சிகிச்சையாக்கிவிட முடியாது. 2000இல் சேரா ஜெய்ன் பிளேக்மோர் குழுவினர் காட்டியது இன்னும் விசித்திரம். குரல் கேட்கும் நோயாளிகளுக்குத் தங்கள் கையாலேயே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டாலும், வேறொருவர் மூட்டியதுபோலவே தோன்றுகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜூடித் ஃபோர்டும் டேனியல் மத்தலோனும் தலையில் மின்முனை பொருத்தி அளந்தார்கள். பேசும்போது நம் செவிப்புறணியில் நடக்கும் அந்த அமுக்கல், இந்த நோயாளிகளுக்குக் குறைவாக நடக்கிறது.

இது முழு விளக்கம் என்று நான் நம்பவில்லை. தன் பேச்சு தன்னுடையது அல்ல என்று தோன்றுவதை இந்தக் கோட்பாடு விளக்குகிறது. அப்படியானால் அது யாருடையது, என்ன சொல்கிறது என்பதை விளக்கவில்லை. நகல் வராத கடிதத்தின் அடியில் யார் பெயரை எழுதிக்கொள்வது? அந்தக் கேள்வியோடுதான் அண்ணா நகர் மேற்கு விரிவுக்குப் போக வேண்டும்.

அங்கே இருக்கும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம் 'ஸ்கார்ஃப்' 1984இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். 1961 முதல் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 2021இல், 98 வயதில் காலமானார். "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கிச் சினிமாவில் சிரித்துக்கொண்டிருந்த ஊர் இது. அந்தச் சிரிப்பின் மறுபக்கம் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தெரிந்தது. தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மானிடவியலாளர் டான்யா லூர்மன், ஸ்கார்ஃபின் டாக்டர் ஆர். பத்மாவதி, ஹேமா தரூர், கானாவின் அக்வாசி ஓசெய் நால்வரும் சேர்ந்து மூன்று ஊர்களில் பேட்டி எடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை. ஊருக்கு 20 பேர், எல்லோரும் குரல் கேட்பவர்கள். உங்களுக்கு எத்தனை குரல் கேட்கிறது, யாரென்று தெரியுமா, அவர்களோடு பேசுவீர்களா, பிடிக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். 2015இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் முடிவு வெளியானது.

அமெரிக்கர்களுக்குக் கேட்ட குரல்கள் பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களுடையவை, கொடூரமானவை. 14 பேர், பிறரையோ தங்களையோ தாக்கச் சொல்லும் குரல்களைப் பற்றிச் சொன்னார்கள். அக்ராவில் 16 பேர் கடவுளின் குரலைக் காதால் கேட்டதாகச் சொன்னார்கள். சென்னையில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அம்மா, அப்பா, மாமியார், அக்கா. அந்தக் குரல்கள் சொன்னவையும் பெரும்பாலும் வீட்டு வேலைகள்: குளி, சமை, சாப்பிடு, கடைக்குப் போய் வா. பெரியவர்கள் சிறியவர்களை ஏவுவதுபோல. திட்டவும் செய்தன, அசிங்கமாகப் பேசவும் செய்தன. பாசக் குரல்களாக மட்டும் இருந்தன என்று சொன்னால் அது பொய்.

அறுபது பேரை வைத்து மூன்று நாடுகளின் மனதை எடைபோட முடியாது. பேட்டியில் ஒருவர் எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். இருந்தாலும் இந்த ஆய்வில் எனக்குப் படுவது ஒன்று. உள்பேச்சு என்று நாம் சொல்வது முழுக்க நம் சொந்தச் சரக்கு இல்லை. "கைய கழுவிட்டு உக்காரு", "விளக்கு வச்சப்புறம் நகம் வெட்டாதே" என்று பத்துப் பதினைந்து வருடம் வெளியிலிருந்து காதில் விழுந்தவைதான் பிறகு உள்ளே இருந்துகொண்டு நம் குரலில் பேசுகின்றன. நகல் சரியாக வந்துகொண்டிருக்கும்வரை அவற்றை நம் எண்ணம் என்று நம்புகிறோம். நகல் தவறிய மூளைக்கு அவை பழைய முகவரியிலிருந்தே வருகின்றன. கூட்டுக் குடும்பத்தில், ஒரே கூடத்தில் படுத்து வளர்ந்தவருக்கு அந்த முகவரி மாமியார். தனி அறையில் வளர்ந்தவருக்கு அது பெயர் தெரியாத யாரோ. இதை யாரும் இன்னும் மூளை அலையில் அளந்து காட்டவில்லை. இது என் ஊகம்.

குரல் கேட்பது நோயாளிகளுக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். 1971இல் டெவி ரீஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் விசாரித்தார். ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்வது, பார்ப்பது, கேட்பது என ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். குரலைக் கேட்டவர்கள் மட்டும் நூற்றுக்குப் பதின்மூன்று பேர். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் அத்தையும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காகப் படித்ததைச் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா இறந்து நான்கு வருடமாகிறது.

"எனக்கும் கேக்குமே" என்றார், ரசத்தைப் பிசைந்தபடி. "மோட்டாரை நிறுத்துன்னு. டேங்க் ரொம்பற நேரத்துக்குக் கரெக்டா."

"மெஷின் போட்டிருக்கும்போதா அத்தை?"

"கழட்டி வச்சிருந்தாலும்தான்."

"அது நீங்களே மனசுக்குள்ள நெனைக்கறதா இருக்கும் அத்தை. மோட்டார் போட்டோமேன்னு."

"நான் எங்கடா நெனச்சேன்? நான் சீரியல்ல பாத்துட்டிருந்தேன்."

"அப்ப போய்ப் பாத்தா டேங்க் வழிஞ்சிருக்குமா?"

"வழியறதுக்கு முன்னாடியே போயிடுவேன்" என்றார்.